இனக்குழுவுக்குள் அணுகு செயற்கூறும் நேரடி அணுகலும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஓர் இனக்குழுவின் (வகுப்பு, கிளாஸ் என்றும் வழங்கும்) தரவு உறுப்புகளை வெளியிலிருந்து யாரும் நேரடியாகத் தொடக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. மதிப்பைக் கேட்க ஒரு செயற்கூறும், மாற்ற இன்னொரு செயற்கூறும் எழுதப்படுகின்றன. இவை அணுகு செயற்கூறுகள். வழக்கில் கெட்டர், செட்டர். இதுவரை பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதே இனக்குழுவுக்குள் எழுதப்படும் மற்றச் செயற்கூறுகள் என்ன செய்ய வேண்டும்? தரவு உறுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை நேரே எடுப்பதா, தன் வீட்டுக்குள்ளேயே கதவைத் தட்டி, கெட்டர் வழியாகக் கேட்பதா? 1980களில் ஸ்மால்டாக் நிரலாளர்களிடையே வெளிப்படையான விவாதமாக எழுந்த இக்கேள்விக்கு இன்றும் ஒற்றை விடை இல்லை.

நேரடி அணுகலை ஆதரிப்போர் சொல்வது: இனக்குழு என்பதே ஒரு வேலி, வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி தேவையில்லை, நிரல் சுருக்கமாகவும் படிக்க எளிதாகவும் இருக்கும். மறுதரப்பு சொல்வது: இன்று சேமித்து வைக்கும் மதிப்பை நாளை கணக்கிட்டுத் தர வேண்டி வரலாம், அப்போது உள்ளே 40 இடங்களில் உறுப்பை நேராகத் தொட்டிருந்தால் 40 இடங்களையும் திருத்த வேண்டும்.

மாவட்டம் என்னும் உறுப்பு

சேமித்த மதிப்பு தானாக மாறுமா என்று ஐயப்படுபவர்களுக்கு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் வரலாறு நல்ல விடை. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது; அரியலூர் அதற்குள் இருந்தது. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. உடையார்பாளையம் வட்டத்தைச் சேர்ந்த ஜெயங்கொண்டத்தில் ஒருவர் வீடு மாறாமல் இருந்தாலும், 12 ஆண்டுகளில் அவருடைய மாவட்டம் 4 முறை மாறியிருக்கும்: திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர், மறுபடி பெரம்பலூர், மறுபடி அரியலூர்.

இடையில் ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது. எனவே கணக்கெடுப்பு அட்டவணையில் அரியலூருக்கு 6,95,524 பேர், பெரம்பலூருக்கு 4,93,646 பேர் எனத் தனித்தனி வரிகள் உள்ளன. அடுத்த ஆண்டே அந்த இரண்டு வரிகளில் ஒன்றுக்கு உரிய மாவட்டம் நிர்வாகத்தில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் அரியலூர் 7,54,894, பெரம்பலூர் 5,65,223. இரு கணக்கெடுப்புகளை மட்டும் பார்ப்பவருக்கு இடையில் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும்.

1998இல் எழுதப்பட்ட ஒரு நிரலைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதில் 'மாணவர்' என்றோர் இனக்குழு. பெயர், ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவை அதன் தரவு உறுப்புகள். சான்றிதழ் அச்சிடும் செயற்கூறு, முகவரி எழுதும் செயற்கூறு, மாவட்ட வாரியாகப் பட்டியலிடும் செயற்கூறு எல்லாம் 'மாவட்டம்' உறுப்பை நேரடியாக எடுக்கின்றன. 2001இல் முதல் திருத்தம் வருகிறது. உடையார்பாளையம் வட்டத்து மாணவர் எல்லாருடைய மாவட்டத்தையும் மாற்றி எழுதினால் போதும் என்று தோன்றும். 2002இல் திருப்பி எழுத வேண்டும். ஆனால் 2001 நவம்பரில் வழங்கப்பட்ட சான்றிதழின் படி ஒன்றை 2005இல் கேட்டால் அதில் எந்த மாவட்டம் இருக்க வேண்டும்? அன்று உண்மையாக இருந்தது அரியலூர். உறுப்பில் இப்போது இருப்பது பெரம்பலூர். இங்கே 'மாவட்டம்' என்பது சேமிக்க வேண்டிய மதிப்பே அல்ல. வட்டம், நாள் என்ற இரண்டிலிருந்தும் கணக்கிட்டுப் பெற வேண்டிய மதிப்பு அது. எல்லாச் செயற்கூறுகளும் தொடக்கத்திலிருந்தே ஓர் அணுகு செயற்கூறு வழியாக மாவட்டத்தைக் கேட்டிருந்தால் மாற்றம் பெரும்பாலும் அந்த ஓரிடத்தோடு நின்றிருக்கும். நாளைக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பதால் அழைக்கும் சில இடங்களும் மாறும். அணுகு செயற்கூறு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கெங்கே தொட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மறைத்தல் என்ற எண்ணம்

இனக்குழு, பொருள் ஆகிய கருத்துகள் நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓலே-ஜோஹன் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் முதலில் முழு வடிவம் பெற்றன. அம்மொழியின் முதல் வடிவத்தில் பொருளின் பண்புகளை மறைக்க வழி இல்லை. மறைக்கும் வசதி 1970களில்தான் சேர்ந்தது. ஆகவே உள்ளே, வெளியே என்ற பிரிவே அப்போது இல்லை.

அந்தப் பிரிவுக்குக் காரணம் சொன்னவர் டேவிட் பார்னாஸ். 1972 டிசம்பரில் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய கட்டுரை, ஒரு நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்று கேட்டது. அவர் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய சொல்லடைவு நிரல்: வரிகளைப் படித்து, சொற்களைச் சுழற்றி, அகர வரிசையில் தருவது. வேலை நடக்கும் ஒழுங்கில் பிரித்தால், வரிகள் நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பது எல்லாப் பகுதிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கும் முறையை மாற்றினால் எல்லாமே மாறும். மாறாக, வரிகளைச் சேமிப்பதை ஒரு பகுதியின் இரகசியமாக வைத்து, மற்றவை சில செயற்கூறுகள் வழியாக மட்டும் கேட்டால் மாற்றம் ஒரே பகுதியில் அடங்கும். அணுகு செயற்கூறின் தத்துவம் முழுவதும் இங்கேயே உள்ளது. ஆனால் பார்னாஸ் பேசியது பகுதிகளுக்கு இடையிலான எல்லையைப் பற்றி. ஒரு பகுதிக்குள்ளே எப்படி எழுத வேண்டும் என்பதை அக்கட்டுரை முன்வைக்கவில்லை. பிற்காலத்தில் இரு தரப்பாரும் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள இந்த இடைவெளியே காரணம்.

1970களின் நடுவில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய சிஎல்யூ மொழி இந்த எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரு தரவு வகை. உள்ளே அதன் உருவமைப்பு வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது நிரலாளர் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். உள்ளே வந்தவருக்கு நேரடி அணுகல் உண்டு; ஆனால் தான் உள்ளே வந்திருப்பதை அவர் மறக்க முடியாது.

ஸ்மால்டாக்கில் எழுந்த பிணக்கு

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பிறந்த ஸ்மால்டாக்-80 மொழியில் ஒரு பொருளின் மாறிகளை அப்பொருளைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. ஒரே இனக்குழுவைச் சேர்ந்த இன்னொரு பொருளும் செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். வெளிவேலி இவ்வளவு உறுதியாக இருந்ததால் சண்டை உள்ளே தொடங்கியது. காரணம் மரபுரிமம்.

ஒரு தருவிக்கப்பட்ட இனக்குழு தன் தாய் இனக்குழுவின் மாறிகளை ஸ்மால்டாக்கில் நேரடியாகத் தொடலாம். தாய் இனக்குழு ஒரு மாறியை நீக்கினால் அதிலிருந்து தருவிக்கப்பட்டவை எல்லாம் உடையும். இன்னொரு பக்கமும் உண்டு. தாய் இனக்குழுவின் செயற்கூறுகள் மாறியை நேரடியாக எடுத்துக்கொண்டால், 'இந்த மதிப்பு என்னிடம் சேமிப்பில் இல்லை, கணக்கிட்டுத் தருகிறேன்' என்று ஒரு சேய் இனக்குழு சொல்வதற்கு வாய்ப்பே கிடையாது. 1989இல் ரெபெக்கா வெர்ஃப்ஸ்-பிராக்கும் பிரையன் வில்கர்சனும் பொருள்நோக்கு நிரலாக்க இதழொன்றில் எழுதிய கட்டுரை, மாறிகளை நேரடியாகத் தொடுவது மறுபயன்பாட்டைக் குறைக்கிறது என்று தலைப்பிலேயே அறிவித்தது. உள்ளேயும் அணுகு செயற்கூறு வேண்டும் என்ற தரப்புக்கு அதிகம் சுட்டப்பட்ட ஆதாரம் அது.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானதே. ஸ்மால்டாக்கில் ஒரு செயற்கூறை வெளியாருக்குத் தெரியாமல் மறைக்க மொழியளவில் வழி இல்லை. உள்வேலைக்காக ஒரு கெட்டர் எழுதினால் அது வெளியாருக்கும் திறந்த கதவாகிவிடும். உள்ளே ஒழுங்காக இருக்கப் போய் வெளிவேலியை உடைப்பதில் என்ன பயன்? 'தனி' என்று ஒரு பிரிவில் பெயரிட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. அதைக் கடைப்பிடிப்பது படிப்பவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

கென்ட் பெக் தம் ஸ்மால்டாக் நூலில் இரண்டையும் இரண்டு தனி வடிவங்களாக எழுதினார். நேரடி அணுகல் படிப்பதற்குத் தெளிவு; மறைமுக அணுகல் மாற்றத்துக்கு இடம் தரும். எதை எடுத்தாலும் ஓர் இனக்குழுவுக்குள் கலக்காமல் ஒரே முறையாக எழுத வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. 1999இல் வெளிவந்த மார்ட்டின் ஃபவுலரின் நிரல் சீரமைப்பு நூலும் இதற்குத் தனி இடம் தந்தது. நேரடி அணுகலில் தொடங்கி, அது இடைஞ்சலாகும்போது அணுகு செயற்கூறுக்கு மாறலாம் என்பது அவர் நிலை. இடைஞ்சல் வரும்வரை காத்திருக்கும் இந்த அணுகுமுறை, நிரல் முழுவதும் ஒருவர் கையில் இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. சேய் இனக்குழுக்களைப் பிறர் எழுதும் பொது நூலகங்களில் அது அவ்வளவு எளிதல்ல. இடைஞ்சலை உணர்பவர் ஒருவர், மாற்றும் உரிமை உள்ளவர் இன்னொருவர்.

சி++ மொழியும் வகுப்பறையும்

பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய வேலை 1985இல் சி++ என்ற பெயரில் வணிக வெளியீடாக வந்தது. இங்கே வேலி பொருளுக்கு அல்ல, இனக்குழுவுக்கு. ஒரு பொருளின் செயற்கூறு அதே இனக்குழுவின் இன்னொரு பொருளின் தனி உறுப்புகளையும் நேரடியாகத் தொடலாம். இரண்டு கலப்பெண்களைக் கூட்டும் செயற்கூறு மற்ற எண்ணின் மெய்ப்பகுதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்வது இதனால்தான். உள்ளே இருப்பவர் யார் என்ற கேள்விக்கு ஸ்மால்டாக்கும் சி++உம் தந்த விடைகள் வேறு.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாணவர்களுக்கு இனக்குழு அறிமுகமானது சி++ வழியாகத்தான். கல்லூரிகளில் பரவலாகப் பயன்பட்டது அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமியின் நூல். அதில் வரும் 'ஐட்டம்' என்ற இனக்குழுவில் எண், விலை என்று இரு தரவு உறுப்புகள். மதிப்பைக் கொடுக்க 'கெட்டேட்டா', மதிப்பை அச்சிட 'புட்டேட்டா' என்று இரு செயற்கூறுகள். இரண்டுமே உறுப்புகளை நேரடியாகத் தொடுகின்றன. சிறிய இனக்குழுவுக்கு அதுவே பொருத்தம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு விநோதம் உண்டு. இங்கே 'கெட்' என்றால் மதிப்பைப் பெற்று உறுப்பில் வைப்பது. ஜாவாவில் 'கெட்' என்றால் உறுப்பிலிருந்து எடுத்து வெளியே தருவது. ஒரே சொல் எதிரெதிர்த் திசைகளைக் காட்டுகிறது. சி++ படித்துவிட்டு ஜாவாவுக்குப் போகும் மாணவர் கெட்டரை எழுதச் சொன்னால் விசைப்பலகையிலிருந்து உள்ளீடு வாங்கும் செயற்கூறை எழுதுவதற்கு இது ஒரு காரணம்.

ஜாவாவில் கெட், செட் என்ற முன்னொட்டுகள் நிலைபெற்றது 1997இல் வந்த ஜாவாபீன்ஸ் வரையறையால். திரையில் இழுத்துப் போட்டு நிரல் அமைக்கும் கருவிகள் ஓர் இனக்குழுவின் பண்புகளைத் தாமே கண்டுபிடிக்க ஒரு பெயரிடு முறை தேவைப்பட்டது. கருவிக்காகப் பிறந்த அந்தப் பெயரிடு முறை சில ஆண்டுகளில் ஒழுக்கவிதியைப் போல ஆகிவிட்டது. தரவு உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுதாவிட்டால் நிரல் முழுமையில்லை என்ற நினைப்பு பரவியது. 2003இல் ஆலன் ஹோலப் கெட்டரும் செட்டரும் தீயவை என்று ஜாவாவேர்ல்டு இதழில் எழுதியது இதற்கு எதிர்வினை. எல்லாவற்றுக்கும் கெட்டர் எழுதினால் மறைத்ததாகப் பெயர், மறைந்தது ஒன்றுமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மேலே சொன்ன ஸ்மால்டாக் தரப்பின் அச்சமும் இதுவே.

வேகம்

செயற்கூறை அழைப்பதற்குச் செலவு உண்டு என்பது நேரடி அணுகல் தரப்பின் பழைய வாதம். சி++ மொழியில் உள்ளிடைச் செயற்கூறு (இன்லைன்) இருந்ததால் அங்கே இவ்வாதம் தொடக்கத்திலேயே வலுவிழந்தது: மொழிமாற்றி அழைப்பை நீக்கிவிட்டு உறுப்பை நேராக எடுக்கும் கட்டளையையே வைத்துவிடும். ஜாவாவில் 1999இல் வந்த ஹாட்ஸ்பாட் இயக்கச்சூழல் ஓடும்போதே இதைச் செய்தது.

செல்பேசிகள் வந்தபோது வாதம் உயிர்பெற்றது. ஆண்ட்ராய்டின் பழைய டால்விக் இயக்கச்சூழலுக்காக எழுதப்பட்ட வழிகாட்டு ஆவணம் இனக்குழுவுக்குள் கெட்டரைத் தவிர்க்கச் சொன்னது. நேரடி அணுகல் சுமார் 3 மடங்கும், ஓடும்போது மொழிமாற்றும் வசதி இருந்தால் சுமார் 7 மடங்கும் வேகம் என்று எண்ணும் தந்தது. வெளியாருக்குக் கெட்டர், உள்ளே நேரடி என்ற பழக்கத்தை ஒரு தலைமுறை ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் இந்த வரிகளிலிருந்தே கற்றார்கள். 2014இல் டால்விக்கின் இடத்துக்கு ஏஆர்டி வந்தது. காரணம் போன பிறகும் பழக்கம் பலரிடம் தங்கிவிட்டது.

நேரடியாகத் தொட வேண்டிய இடங்கள்

உள்ளேயும் எப்போதும் அணுகு செயற்கூறே என்று விதி வகுத்தவர்கள் முதலில் இடறிய இடம் ஆக்கி. பொருள் இன்னும் முழுதாக உருவாகாத நிலையில் ஆக்கிக்குள்ளிருந்து ஒரு செட்டரை அழைத்தால், அதைச் சேய் இனக்குழு மாற்றி எழுதியிருக்கக்கூடும். அந்தப் புதிய செட்டர் இன்னும் மதிப்புப் பெறாத உறுப்புகளைத் தொடக்கூடும். சேய் இனக்குழு மாற்றி எழுதக்கூடிய செயற்கூறுகளை ஆக்கியிலிருந்து அழைக்க வேண்டாம் என்று ஜோஷுவா பிளாக் தம் ஜாவா நூலில் எச்சரித்தது இதனால். ஆப்பிள் நிறுவனமும் ஆப்ஜெக்டிவ்-சி நிரலாளர்களுக்குப் பொருளைத் தொடங்கும் இடத்திலும் அழிக்கும் இடத்திலும் மாறியை நேரடியாகத் தொடுமாறு அறிவுறுத்தியது.

மேலே கற்பனை செய்த மாணவர் இனக்குழுவுக்கே திரும்பினால் இது தெளிவாகும். மாவட்டத்தை மாற்றும் செட்டர், மதிப்பை எழுதுவதோடு 'மாவட்டம் மாறியது' என்று ஒரு பதிவேட்டிலும் குறிப்பு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய கோப்பிலிருந்து மாணவர்களை ஏற்றும்போது ஆக்கி அதே செட்டரைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு காலையும் நிரலைத் திறக்கும்போது பள்ளி முழுவதும் மாவட்டம் மாறியதாகப் பதிவேடு நிறையும். 2002இல் உண்மையாக நடந்த மாற்றத்தை அந்தக் குப்பையில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சேமித்ததை அப்படியே மீட்பதும் புதிதாக மாற்றுவதும் வேறு வேறு செயல்கள். இரண்டையும் ஒரே கதவு வழியாக அனுப்பினால் வேறுபாடு அழிந்துவிடும்.

பூட்டுகள் இன்னோர் இடம். பல இழைகள் ஒரே பொருளைப் பயன்படுத்தும்போது செயற்கூறு நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய செயற்கூறு உள்ளிருந்து, தானும் பூட்டிக்கொள்ளும் கெட்டரை அழைத்தால் என்னாகும்? ஜாவாவின் வழக்கமான பூட்டு அதே இழையை மறுபடி அனுமதிக்கும். கோ மொழியின் மியூட்டெக்ஸ் அனுமதிக்காது. நிரல் தன் பூட்டுக்குத் தானே காத்துக்கொண்டு நின்றுவிடும். இங்கே நேரடி அணுகல் பாணி சார்ந்த விருப்பம் அல்ல, தேவை.

நேரடியாகத் தொடக் கூடாத இடம்

எதிர்த்திசையில் மிக அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு 2001இல் தொடங்கிய ஹைபர்நேட். தரவுத்தளத்து வரிசைகளை ஜாவாப் பொருள்களாக மாற்றித் தரும் நூலகம் அது. தேவைப்படும்வரை தரவைக் கொண்டுவராமல் இருக்க, உண்மையான பொருளுக்குப் பதிலாக அதன் சேய் இனக்குழுவைச் சேர்ந்த ஒரு பதிலியைக் கொடுக்கும். யாராவது அதன் செயற்கூறை அழைத்தால்தான் பதிலி தரவுத்தளத்துக்குப் போய் மதிப்பைக் கொண்டுவரும். பதிலியின் சொந்த உறுப்புகள் வெறுமையாக இருக்கும்.

இரண்டு மாணவர்கள் ஒருவரேதானா என்று ஒப்பிடும் செயற்கூறை எடுத்துக்கொள்ளலாம். ஜாவாவிலும் சி++ போலவே அதே இனக்குழுவின் இன்னொரு பொருளுடைய தனி உறுப்பைத் தொட அனுமதி உண்டு. ஆகவே நிரலாளர் மற்றவரின் சேர்க்கை எண்ணை நேரடியாக எடுத்து ஒப்பிடுகிறார். மொழிமாற்றி எந்தக் குறையும் சொல்லாது. சோதனைகளும் பெரும்பாலும் வெற்றி பெறும். மற்றவர் பதிலியாக இருக்கும் நாளில் மட்டும் எண் வெறுமையாக வந்து, ஒரே மாணவர் இருவராகக் கருதப்படுவார். கெட்டரை அழைத்திருந்தால் பதிலி விழித்துக்கொண்டு சரியான எண்ணைத் தந்திருக்கும். இந்தப் பிழை பிடிபடக் கடினமானது. நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு இரண்டு வரிகளும் ஒன்றுபோலவே தெரியும்.

வேறுபாட்டை அழிக்க முயன்ற மொழிகள்

பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி சொன்னார். ஒரு மதிப்பு சேமிக்கப்பட்டதா கணக்கிடப்பட்டதா என்பது அதைக் கேட்பவருக்குத் தெரியவே கூடாது. இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டும். அவருடைய ஐஃபெல் மொழி அப்படி அமைந்தது. டேவிட் உங்கரும் ராண்டல் ஸ்மித்தும் 1987இல் விவரித்த செல்ஃப் மொழி இன்னும் ஒரு படி போனது: அங்கே பொருள் தன் சொந்த மதிப்பைக் கேட்பதும் செய்தி அனுப்புவதுதான், நேரடி அணுகல் என்ற ஒன்றே இல்லை. மொழி முழுவதும் ஒரு தரப்பின் பக்கம் நின்றதால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆய்வு மொழியாக அதன் தாக்கம் பெரிது, புழக்கம் சிறிது.

வணிக உலகில் 1995இல் வந்த டெல்ஃபியின் பண்புகள் இதே எண்ணத்தைப் பரவலாக்கின. டெல்ஃபியை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் பின்னர் சி ஷார்ப் மொழிக்கும் அதைக் கொண்டுபோனார். 2001 இறுதியில் வந்த பைத்தான் 2.2இலும் பண்பு வசதி சேர்ந்தது. பார்ப்பதற்கு உறுப்பைத் தொடுவதுபோல் எழுதலாம். பின்னால் செயற்கூறு ஓடும். ஆனாலும் பண்பின் கெட்டருக்குள்ளேயே அதே பண்பின் பெயரைத் தவறி எழுதினால் அது தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்துக்கொண்டு நிரல் விழுந்துவிடும். அதைத் தவிர்க்கப் பின்னால் இன்னொரு பெயரில் உண்மையான மாறி வேண்டியிருந்தது. 2016இல் முதல் நிலையான பதிப்புக் கண்ட கோட்லின், அந்தப் பின்மாறியைக் கெட்டருக்கும் செட்டருக்கும் உள்ளே மட்டுமே தொட முடியும்படி செய்தது. இனக்குழுவின் மற்றச் செயற்கூறுகளுக்கு அது கண்ணிலேயே படாது. நேரடி அணுகலுக்கு உரிய இடம் எவ்வளவு சிறியது என்பதை ஒரு மொழி இலக்கணமாகவே எழுதிவிட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில்

மாநிலப் பாடத்திட்டம் மாற்றப்பட்ட பிறகு 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் (2018) சி++ மொழியையும், 12ஆம் வகுப்பு நூல் (2019) பைத்தானையும் எடுத்துக்கொண்டன. 12ஆம் வகுப்பு நூலின் தரவு அருவமாக்கப் பாடத்தில் 'சிட்டி' என்ற எடுத்துக்காட்டு வருகிறது. ஒரு நகரத்தை உருவாக்க ஓர் ஆக்கி. அதன் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைப் பெற 'கெட்நேம்', 'கெட்லேட்', 'கெட்லான்' என்ற செலக்டர்கள். நகரம் உள்ளே எப்படிச் சேமிக்கப்பட்டுள்ளது என்று தெரியாமலே தூரத்தைக் கணக்கிடலாம் என்பது பாடம். ஆக்கி, செலக்டர் என்ற இப்பிரிவு, ஹெரால்ட் ஏபல்சனும் ஜெரால்ட் சஸ்மனும் 1985இல் எழுதிய எம்ஐடி பாடநூலின் மரபைச் சேர்ந்தது. இங்கே 'கெட்' என்பது எடுத்துத் தருவது. சி++ பாடங்களின் 'கெட்டேட்டா'வுக்கு நேர் எதிர்.

அதே நூலின் பிற்பகுதியில் பைத்தான் இனக்குழுக்கள் வரும்போது உறுப்புகள் 'செல்ஃப்' என்ற சொல்லோடு நேரடியாகத் தொடப்படுகின்றன. இரட்டை அடிக்கோடு இட்ட பெயர் தனி உறுப்பு என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. முதல் பாடத்தில் செலக்டர் வழியாக மட்டும் கேட்கக் கற்றுக்கொண்ட மாணவர், சில பாடங்கள் கழித்து உறுப்பை நேராக எடுக்கிறார். இரண்டும் அதனதன் இடத்தில் சரியே. முதலாவது வெளியிலிருந்து பார்ப்பது, இரண்டாவது உள்ளிருந்து எழுதுவது. அந்த இடமாற்றம் நடந்தது என்பதை வகுப்பில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் விட்டால் முன்னது பரீட்சைக்கு, பின்னது நிரலுக்கு என்று மாணவர் பிரித்துக்கொள்கிறார்.

செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஒரு பள்ளி ஆய்வகத்தில் 'சிட்டி' இனக்குழுவை எழுதிப் பார்க்கும் மாணவர், பெயரோடு மாவட்டத்தையும் ஓர் உறுப்பாகச் சேர்க்க நினைத்தால் இக்கட்டுரையின் கேள்வி உடனே எழுந்துவிடும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறப்போவதில்லை. அவற்றை நேரடியாகவே தொடலாம். மாவட்டம் அப்படியல்ல. 2002இல் அரியலூர் இணைக்கப்பட்டபோது 29ஆக இருந்த தமிழ்நாட்டு மாவட்டங்கள் 2020இல் மயிலாடுதுறையோடு 38 ஆயின.